யுஸ்ஸி பியோர்லிங்: புதிதாகக் கேட்க வருகிறவர்களின் வழக்கமான கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில், ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு முன்னறையில், மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அவரை எல்லோரும் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறோம். கேட்பது ஓபரா, அதாவது மேலைநாட்டு இசைநாடகம். அதிலும் பெரும்பாலும் ஒரே ஒருவரின் குரல்: ஸ்வீடனில் பிறந்து, 1960-இல் 49 வயதில் இறந்துபோன டெனர் யுஸ்ஸி பியோர்லிங். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பாட்டு ஓடும்போது பதில் சொன்னால் தாத்தா முறைக்கிறார். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

பெயரை எப்படித்தான் சொல்வது?

இசைத்தட்டு உறையில் இருக்கிற எழுத்தைப் பார்த்து முதல் நாள் எல்லோரும் "ஜஸ்ஸி" என்பார்கள். ஒரு தம்பி "ஜூசி" என்றே சொல்லிவிட்டான், இன்றுவரை அதைச் சொல்லி அவனைக் கிண்டல் செய்கிறோம். ஸ்வீடன்காரர்கள் ஜ வரவேண்டிய இடத்தில் ய சொல்வார்கள். யுஸ்ஸி. முழுப்பெயர் யோஹான் யோனாத்தான். பாட்டி பின்லாந்துக்காரர், அந்த வழியில் வந்த செல்லப்பெயர்தான் யுஸ்ஸி.

டெனர் என்றால் என்ன? நம்ம கட்டைக் கணக்கில் சொல்ல முடியுமா?

ஆண் குரல்களில் மேலே போகிற வகை டெனர். நடுவில் இருப்பது பாரிடோன், அடியில் பாஸ். டெனருக்குப் பெரிய பரீட்சை "ஹை சி" என்கிற ஸ்வரம். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை என்பதுதான் சி. ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆண், மேல் ஸட்ஜத்தைத் தொட்டு, அங்கேயும் நிற்காமல் இன்னொரு ஸ்தாயி முழுக்க ஏறி அடுத்த ஸட்ஜத்தைப் பிடித்தால் அதுதான் ஹை சி. பெண்கள் பாடுகிற ஐந்து கட்டையில் வைத்துப் பார்த்தால் மேல் ஸ்தாயி சுத்த மத்யமம்.

இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் பெண்கள் சுருதியை ஒட்டிய உயரத்தில் பாடியவர்கள்தானே! காரணமும் ஒன்றுதான். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும். ஓபராவில் இன்றைக்கும் மைக் கிடையாது. கீழே அறுபது எழுபது பேர் வாத்தியம் வாசிக்க, பாடுகிறவர் அதைத் தாண்டிப் போகவேண்டும்.

கத்தினால் தாண்டமுடியாது. பயிற்சி பெற்ற ஓபரா குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் கூடித் திரளும். வாத்தியக் கூட்டத்தின் பலம் எல்லாம் அதற்கு ரொம்பக் கீழே, நம் காதுக்கோ அந்த இடத்தில்தான் கூர்மை அதிகம். அதனால் ஒற்றைத் தொண்டை அத்தனை வயலின்களுக்கு நடுவிலும் தனியாகக் கேட்கிறது. இதை நினைவில் வையுங்கள், பழைய தட்டுகளைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் வரும்.

பாவரொட்டி, கரூசோ என்று பெரிய டெனர்கள் எல்லாம் இருக்க, ஏன் இவர்?

அவர்களையும் கேட்கிறோம். யாரும் கோயில் மாறிக் கும்பிடுவதில்லை.

1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பாவரொட்டி பாடிய "நெஸ்ஸுன் டோர்மா" வழியாகத்தான் எங்களில் பாதிப் பேர் ஓபராவுக்குள் வந்தோம். அதே பாட்டை பியோர்லிங் 1944-இல் ஸ்டாக்ஹோமில் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். முடிவில் வருகிற அந்த உச்ச ஸ்வரம், இசையமைத்த புச்சீனி எழுதிய தாளில் ரொம்பச் சின்னது. பாடகர்கள்தான் இழுத்து இழுத்து அதை ஒரு கொடிக்கம்பம் ஆக்கிவிட்டார்கள். அதற்காகவே காத்திருந்தால் மற்ற மூன்று நிமிஷமும் வீணாகிவிடும். பியோர்லிங்கிடம் அந்த மூன்று நிமிஷம்தான் விசேஷம். நடு ஸ்தாயியில், மெதுவாகப் பாடும்போதும், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகும்போது சுருதி ஒரு மயிரிழைகூட நகராது. தாத்தா சொல்வது: "தம்பூரா இல்லாமலே தம்பூரா கேட்கும்." உச்ச ஸ்வரத்துக்காகக் கேட்க வருகிறவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். சுருதிக்காகக் கேட்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பத்து வருஷமாக நான் பார்த்த கணக்கு இது.

பாஷை தெரியாதே?

எங்களுக்கும் தெரியாது. இத்தாலிய வரிகளின் பொருளைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம், முதலில் அதைப் படித்துவிட்டுக் கேட்டால் போதும். டர்பனில் நாலாம் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் பொருள் தெரியாமலேயே தேவாரம் பாடி, அழவும் செய்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது.

எதில் தொடங்குவது?

சந்தேகமே வேண்டாம், "கே ஜெலிடா மானீனா." புச்சீனியின் "லா போயெம்" ஓபராவில், மாடியறையில் குடியிருக்கிற ஏழைக் கவிஞன் பாடுவது. 1896-இல் தூரின் நகரில் முதலில் அரங்கேறியது. பக்கத்து அறைப் பெண் மெழுகுவத்திக்கு நெருப்பு கேட்டு வருகிறாள். விளக்கு அணைந்துவிடுகிறது. தொலைந்த சாவியை இரண்டு பேரும் இருட்டில் தரையில் தடவித் தேடுகிறார்கள். கை கையில் பட்டுவிடுகிறது. "எவ்வளவு சில்லென்று இருக்கிறது இந்தக் கை" என்று தொடங்குகிறான்.

கவனியுங்கள், அந்தத் தொடக்கத்தில் மெட்டே கிடையாது. பாட்டின் சுருதி ஒன்றரைக் கட்டை. முதல் சொற்கள் எல்லாம் பஞ்சமத்திலேயே நிற்கின்றன, அசையவே இல்லை. இருட்டில் ஒருவன் மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. சாதாரணப் பாடகர் அந்த இடத்தில் எதையாவது செய்து காட்டுவார். பியோர்லிங் சும்மா நிற்பார். ஒரே ஸ்வரம், ஆனால் ஒவ்வொரு அசைக்கும் கனம் கொஞ்சம் கொஞ்சம் வேறு. அப்புறம்தான் மெட்டு மெல்ல ஏறுகிறது. நான் யார், என்ன செய்கிறேன், எப்படிப் பிழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போய், "நம்பிக்கை" என்ற சொல்லில் ஹை சி வருகிறது. கதவை உடைத்துக்கொண்டு வராது. வரவேண்டிய இடத்தில் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

இரண்டு பதிவுகளைச் சொல்கிறேன். 1936-இல் 25 வயதில் நில்ஸ் கிரெவிலியஸ் நடத்திய வாத்தியக் குழுவோடு பாடிய தனித் தட்டு ஒன்று. 1956-இல் நியூயார்க்கில் தாமஸ் பீச்சம் நடத்த, விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலஸ் கதாநாயகியாகப் பாடிய முழு ஓபரா இன்னொன்று. முதல் நாளே முழு ஓபராவும் வேண்டாம்.

இலங்கையில் நடக்கிற ஓபரா ஒன்று உண்டாமே?

உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் பிசே எழுதிய "முத்துக்குளிப்போர்." 1863 செப்டம்பர் 30-ஆம் தேதி பாரிஸில் அரங்கேறியபோது அவருக்கு 24 வயது. கதை இலங்கைக் கடற்கரையில் நடக்கிறது. கதை எழுதியவர்கள் முதலில் மெக்சிகோவை நினைத்திருந்தார்களாம், பிறகு இலங்கை என்று மாற்றினார்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான் என்பது பாத்திரங்களின் பெயரைப் பார்த்தால் தெரியும். மன்னார்க் கடலில் முத்தெடுக்கிறவர்களுக்கு நாதிர், சுர்கா, லெயிலா என்று பெயர்! தூத்துக்குடி பரதவர் யாராவது கேட்டால் சிரிப்பார். கதாநாயகி பிரம்மாவை அழைத்துப் பாடுவாள். பிரம்மாவுக்குக் கோயில் தேடுவதே கஷ்டம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம் எங்களை ஆச்சரியப்படுத்தியது. லெயிலாவின் வேலை பாறைமேல் உட்கார்ந்து பாடி, கடலில் இறங்கியவர்களைத் தீய சக்திகள் அண்டாமல் காப்பது. மன்னார் முத்துக்குளிப்பில் உண்மையாகவே அப்படி ஒரு வேலை இருந்தது. சுறா வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவருக்குக் "கடல்கட்டி" என்று பெயர். அவர் வராமல் குளிகாரர்கள் கடலில் இறங்கமாட்டார்கள்.

இந்த ஓபராவில் டெனரும் பாரிடோனும் சேர்ந்து பாடுகிற பாட்டுதான் பியோர்லிங் பதிவுகளில் அதிகம் பேர் அறிந்தது. 1951 ஜனவரி 3-ஆம் தேதி, புரூக்ளின்காரரான ராபர்ட் மெர்ரிலோடு பாடியது. இரண்டு நண்பர்கள், கோயிலில் முக்காடிட்ட ஒரு பெண்ணைப் பார்த்ததை நினைத்துப் பாடுகிறார்கள். அவளால் நட்பு முறியக்கூடாது என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். முதலில் புல்லாங்குழலும் யாழ் போன்ற ஹார்ப்பும் மெட்டைச் சொல்லும். பின்னால் குரல்கள் சேரும்போது, எது வெள்ளி எது வெண்கலம் என்று பிரித்துச் சொல்லலாம், ஆனால் பிரித்து எடுக்க முடியாது. முடிவில் அந்த முதல் மெட்டே திரும்பி வருகிறது அல்லவா? அது பிசே எழுதிய முடிவு இல்லை. 1863-இல் வேறு மாதிரி முடித்திருந்தார். அவர் 1875-இல் இறந்த பிறகு மற்றவர்கள் மாற்றியது இது. தூய்மைவாதிகள் கோபப்படுகிறார்கள். எனக்கு மாற்றியதுதான் பிடிக்கிறது.

குரல் அழகுதான், ஆனால் பனிக்கட்டி, உணர்ச்சியே இல்லை என்கிறார்களே?

எங்கள் கூட்டத்திலேயே ஓர் அக்கா அப்படித்தான் சொல்வார். அவர் ஜீலி கட்சி. பெனியமினோ ஜீலி இத்தாலியில் ரெகனாட்டி ஊரில் செருப்புத் தைப்பவரின் மகன், தேன் குரல். "பாலியாச்சி" ஓபராவில் மனைவி துரோகம் செய்தது தெரிந்தும் கோமாளி வேஷம் போடவேண்டிய நடிகன் பாடுகிற இடத்தில், ஜீலி விம்முவார், தேம்புவார், கேட்கிறவனும் கண்ணைத் துடைத்துக்கொள்வான். பியோர்லிங் அங்கே தேம்பமாட்டார். ஸ்வரத்துக்குள்ளேயே துக்கத்தை வைத்து இழுத்துப் பிடிப்பார். நம்ம வீட்டில் எழவு விழுந்தால் ஒருவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார், இன்னொருவர் பந்தலுக்குக் கம்பு எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டாமவருக்குத் துக்கம் இல்லை என்று யார் சொன்னது?

நான் இப்படிச் சொன்னதும் அக்கா, "கம்பு எண்ணுகிறவன் எண்ணட்டும், நான் அழுகிறவன் பக்கம்தான்" என்றார். சரி.

ஒன்று மட்டும் சொல்வேன். ஸ்டூடியோ பதிவுகளை மட்டும் கேட்டு முடிவு கட்டவேண்டாம். 1947 பிப்ரவரி 1-ஆம் தேதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கிலிருந்து வானொலியில் போன "ரோமியோவும் ஜூலியட்டும்," பிரேசில்காரர் பிடு சயாவோடு பாடியது, கிடைக்கிறது. சத்தம் சுமார்தான். அதைக் கேட்டபிறகும் பனிக்கட்டி என்றால் அப்புறம் பேச்சில்லை.

இளமைக் குரல் நல்லதா, பிற்காலக் குரலா?

1930-களில் வெள்ளிச் சலங்கை. 1938-இல் ரோஸினியின் "ஸ்டாபாட் மாட்டெர்" பாட்டில் ஹை சி-க்கும் அரைக்கட்டை மேலே போய் வருகிறார், வியர்த்த மாதிரியே தெரியாது. 1950-களில் குரலில் நிழல் விழுந்துவிட்டது, கனம் கூடிவிட்டது. 1952 "இல் ட்ரோவடோரே" ஓபராப் பதிவு எனக்குப் பிடித்தது. தாத்தாவுக்கு 1930-கள்.

எரிக் ஒட்டே என்று ஒரு தட்டில் போட்டிருக்கிறதே, குரல் இவர் மாதிரி இருக்கிறது?

இவரேதான். 1930-களின் தொடக்கத்தில் நடன மெட்டுகளை அந்தப் புனைபெயரில் பாடினார். ஓபரா பாடகர் என்ற மரியாதையும் போகக்கூடாது, காசும் வரவேண்டும்.

கரகரப்பு தாங்கவில்லை. சுத்தம் செய்த பதிப்பு வாங்கலாமா?

இங்கேதான் அந்த 3000 ஹெர்ட்ஸ் விஷயம் வருகிறது. பழைய தட்டின் இரைச்சல் பெரும்பாலும் மேல் அலைவரிசையில் இருக்கும். கம்ப்யூட்டரில் அதை அழுத்தித் துடைத்தால், குரலின் மினுமினுப்பும் அதோடு போய்விடும். வெங்காயத்தை உரித்துக்கொண்டே போன கதைதான். சில பதிப்புகளில் பியோர்லிங் கம்பளிக்குள்ளிருந்து பாடுவதுபோல இருப்பார். கொஞ்சம் இரைச்சலை விட்டுவைத்த பதிப்பை எடுங்கள். பத்து நிமிஷத்தில் காது அதை மழைச் சத்தம்போல ஒதுக்கிவிடும். கரூசோவைவிட இவர் கொடுத்துவைத்தவர். மின்சார ஒலிப்பதிவு 1925-இல் வந்துவிட்டது, இவர் பெரியவராகிப் பாடிய முதல் தட்டு 1929. அதற்கு முந்தைய முறையில், ஊதுகுழல் முன் நின்று பாடியது சின்னப் பையனாக மட்டும்தான். அப்பா டேவிட் மூன்று பிள்ளைகளை நம்ம பாய்ஸ் கம்பெனி மாதிரி ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பாடவைத்தார். அமெரிக்காவில் 1920-இல் தட்டு கொடுத்தபோது யுஸ்ஸிக்கு ஒன்பது வயது.

நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற அந்தக் காலத்து அசல் 78 தட்டுகள் வாங்கலாமா? எப்படிப் பராமரிப்பது?

வாங்கலாம், ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய சாமான் கடையில் நாய்ப் படம் போட்ட தட்டு ஒன்று கிடைத்தது. ஒரே பூஞ்சணம், டர்பன் ஈரக்காற்றுக்கு அது சகஜம். வீட்டில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தினேன். காய்ந்ததும் பார்த்தால் தட்டு சாம்பல் பூத்துப்போயிருந்தது. போட்டால் அலை அடிக்கிற சத்தம், தூரத்தில் யாரோ பாடுகிறார்கள். தாத்தாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அரக்கும்மா. மர சாமானுக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். ஸ்பிரிட்டில்தான். நானே கரைத்திருக்கிறேன். அழுக்கை இல்லை, பியோர்லிங்கை.

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு, மென்மையான துணி. நடுவில் உள்ள காகிதம் நனையக்கூடாது. நிமிர்த்தி வைத்து நிழலில் காயவிடவேண்டும். அடுக்கும்போதும் நிமிர்த்தித்தான், படுக்கப் போட்டால் அடியில் உள்ளது விரிசல் விடும். ஊசியும் முக்கியம். 78 தட்டின் பள்ளம், பிற்காலத்து எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட மூன்று மடங்கு அகலம், எல்.பி. ஊசி அடியில் போய் அழுக்கைத்தான் கிளறும். வேகமும் சரிபார்க்கவேண்டும். கொஞ்சம் வேகம் கூடினால் டெனர் குழந்தை ஆகிவிடுவார். நாங்கள் சுருதிப் பெட்டி வைத்துப் பார்க்கிறோம்.

தாத்தா வீட்டுத் தட்டுகள் அவர் அப்பா சேர்த்தவை. டர்பன் கேட்டோ மேனரில் இருந்த இந்தியர்களை நிறவெறி அரசு சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது லாரியில் சட்டிபானைகளோடு வந்தவை. இரண்டு உடைந்தன. அதன் துண்டுகளையும் வைத்திருக்கிறார்.

பெரிய குடிகாரராமே?

ஆமாம், குடி அவரைப் பிடித்துத்தான் வைத்திருந்தது. மனைவி அன்னா-லிசாவே பிற்காலத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேட்கும்போது எங்களுக்கு அதில் வேலை இல்லை.

கடைசி வருஷம் பற்றி?

1960 மார்ச் 15, லண்டன் கோவென்ட் கார்டன். "லா போயெம்," ராஜமாதா வந்திருக்கிறார். திரை தூக்குமுன் இவருக்கு மாரடைப்பு. கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போய் முழு ஓபராவும் பாடினார். செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஜூன் மாதம் வியன்னாவில் ஃபிரிட்ஸ் ரைனர் நடத்திய வெர்டியின் "ரெக்வியெம்" பதிவு, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை அது. "இங்கெமிஸ்கோ" என்ற பகுதியைக் கேளுங்கள், குற்றவாளி நான் என்று ஒருவன் முனகுவது. செப்டம்பர் 9-ஆம் தேதி போய்விட்டார்.

தென்னாப்பிரிக்காவில் இப்போது டெனர்கள் இருக்கிறார்களா?

தாராளமாக. ரஸ்டன்பர்க்கில் பிறந்த யோஹான் போத்தா உலக மேடைகளில் பாடி 2016-இல் இறந்தார். லெவி செக்கபானே 2017-இல் ஓபராலியா என்கிற உலக ஓபராப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவர், ரோஸினி பாட்டுக்கு இன்று தேடிக் கூப்பிடப்படுகிற குரல். சர்ச் பாட்டுக்குழுக்களிலும் பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டிகளிலும் ஓபரா பாடிப் பழகுகிற ஊர் இது. நம்ம பிள்ளைகள்தான் அந்தப் பக்கம் குறைவு.

என்ன கொண்டுவரவேண்டும்? பிள்ளைகளைக் கூட்டிவரலாமா?

பிள்ளைகள் வரட்டும், நடுவில் தூங்கினாலும் பரவாயில்லை. இடைவேளையில் பன்னி சௌ உண்டு. ரொட்டியைக் குடைந்து கறியை ஊற்றித் தின்ற கையோடு தட்டைத் தொடக்கூடாது. கை கழுவும் குழாய் பின்கட்டில்.

மின்வெட்டு வந்தால்?

சாவி கொடுக்கிற பழைய கிராமபோன் ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் தலை கனம், தட்டைத் தேய்த்துவிடும். விரிசல் விட்ட தட்டுகளுக்கு மட்டும்தான் அதை எடுப்போம். போன வருஷம் ஒரு நாள் முத்துக்குளிப்போர் பாட்டின் பாதியில், இரண்டு குரலும் சேரப்போகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த ஜூசித் தம்பி விட்ட இடத்திலிருந்து முனக ஆரம்பித்தான், தாத்தா கீழ்க்குரலை எடுத்துக்கொண்டார். ஜீலி அக்காவும் சேர்ந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து வெளிச்சம் வந்ததும் தட்டை மறுபடி போட்டுச் சரிபார்த்தோம். அரைக்கட்டை இறங்கியிருந்தோம்.